இரண்டு சேனல் ஈஎம்ஜி கருவி: வாங்கலாமா?

தசையின் மின் சிக்னலைத் தோலில் ஒட்டும் ஸ்டிக்கர் வழியாக எடுத்துத் திரையில் கோடாகக் காட்டும் ஈஎம்ஜி கருவியின் விலை இறங்கிவிட்டதாம், வாங்கலாமா என்று கூடப் படித்த பிசியோ நண்பர் கேட்கிறார். ரொம்ப நாளாக வைத்திருக்கிறேன், சொல்லிவிடுகிறேன்.

கருவியில் பெரிய குறை இல்லை. என் கோபமெல்லாம் அதோடு வரும் ஜெல் ஸ்டிக்கர் மேல்தான். சித்திரை வெயிலில், ஃபேன் மட்டும் ஓடும் அறையில், முழங்கையை 90 டிகிரி மடக்கி டம்பெல்லைப் பிடித்து நின்றால், வியர்வை நேராக ஸ்டிக்கரின் ஓரத்தைத்தான் தேடிப் போகும். ஓரம் கொஞ்சம் எழும்பினால் போதும், தசையின் சிக்னல் போய் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் திரையில் பட்டையாக உட்கார்ந்துவிடும். ஃபில்டர் இருக்கிறது. ஆனால் தசையின் சிக்னலே சுமார் 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரைதான். 50-ஐ வெட்டும்போது தசைக்குரியதும் கொஞ்சம் சேர்ந்து போகிறது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் பாதி அடங்கும். மீதிக்கு முடியை மழித்து, ஸ்பிரிட் தேய்த்து, மேலே மைக்ரோபோர் டேப்.

ஒழுங்காக ஒட்டி நின்றுவிட்டால் அது காட்டுவதே தனி. முழங்கையை மடக்கும் பைசெப்ஸில் ஒரு சேனல், நீட்டும் ட்ரைசெப்ஸில் ஒன்று. வெளியே பார்த்தால் கை அசையவே இல்லை, எடையும் அதேதான். ஆனாலும் பைசெப்ஸின் கோடு மெல்ல மெல்லத் தடிக்கும். களைத்துப்போன இழைகளுக்கு ஈடாக நரம்பு மண்டலம் புதிய மோட்டார் யூனிட்களை (ஒரு நரம்பு செல்லும் அது இயக்கும் இழைகளும் சேர்ந்தது ஒரு யூனிட்) இறக்குகிறது. சின்னவை முன்னே, பெரியவை பின்னே, நரம்பியல் ஆய்வாளர் ஹென்னமன் சொன்ன அதே வரிசையில். கூடவே அலையின் அதிர்வெண்ணும் கீழே இறங்கும். அப்புறம்தான் வேடிக்கை. எடையைத் தாங்க எந்த உதவியும் செய்யாத ட்ரைசெப்ஸும் தடிக்கத் தொடங்கும். பைசெப்ஸ் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்க, இது எதிர்ப்பக்கம் இழுக்கிறது! மூட்டு ஆடாமல் இறுகி நிற்க உடம்பு கொடுக்கும் விலை அது. (பக்கத்துத் தசையின் சிக்னலும் அதில் கொஞ்சம் கசிந்திருக்கும், எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிட முடியாது.)

உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடிக்கச் சொன்னால் பைசெப்ஸ் பாதி ஒதுங்கிக்கொள்ளும். அதற்கு அடியில் கிடக்கும், முழங்கையை மடக்கும் இன்னொரு தசையான பிரேக்கியாலிஸ்தான் எப்படிப் பிடித்தாலும் உழைக்கிற ஆள். பாவம், அதன் சிக்னலை இந்த ஸ்டிக்கரால் தனியாக எடுக்கவே முடியாது.

பக்கவாதத்துக்குப் பிறகு கையை நீட்ட முடியாமல் பைசெப்ஸை இறுக்கிக்கொண்டே இருப்பவர்களிடம் திரையைத் திருப்பிக் காட்டுவேன். "இந்தக் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்குங்கம்மா" என்றால் சட்டென்று புரிகிறது. "தளர்த்துங்க" என்று எத்தனை முறை வாயால் சொன்னாலும் இது நடப்பதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் பதில்: வேண்டாம். நேற்றுப் பிரித்த புதுப் பாக்கெட்டில் பாதி ஸ்டிக்கரில் ஜெல் காய்ந்து கிடந்தது. கருவியில் மிச்சம் பிடிக்கிற காசை ஸ்டிக்கருக்கே கொட்டுவீர்கள். மார்கழியில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.