பிரேக் ப்ளீட் செய்யக் கொடுக்கும் முன் ஆயில் பாட்டிலைப் பாருங்கள்

ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக் உள்ள மலைச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு கடையில் என் வண்டியைச் சர்வீசுக்கு விட்டேன். இரண்டு பிரேக்கையும் ப்ளீட் செய்ய, அதாவது உள்ளே இருக்கும் பழைய ஆயிலையும் காற்றையும் எடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற, 1,600 ரூபாய். என்னுடையது ஷிமானோ பிரேக். அதற்கு மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கடைக்காரரிடம் கேட்டேன். "எல்லாம் பிரேக் ஆயில்தானுங்க சார், கவலைப்படாதீங்க" என்றார். அப்போதே வண்டியைத் திருப்பி எடுத்திருக்க வேண்டும்.

எடுத்து வந்த அன்று பிரேக் அருமையாகப் பிடித்தது. இதில் ஆபத்தே அதுதான். தவறான ஆயில் முதல் நாளே காட்டிக்கொடுக்காது. இரண்டாவது வாரம் லீவர் மெதுவாகத் திரும்பியது, பேட் டிஸ்க்கை உரசியது. பேட் புதிது, பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் இறங்கும்போது பின் பிரேக் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டது. பிடிப்பு துளிகூட இல்லை. முன் பிரேக் பாதிதான் பிடித்தது. வளைவுக்கு முன்பே மேட்டுப்பக்கம் வண்டியைச் சாய்த்து விழுந்தேன். தோளும் முழங்கையும் உரிந்ததோடு போயிற்று. மறுபக்கம் பள்ளம்.

வேறொரு மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். ஷிமானோவின் வழக்கமான மினரல் ஆயில் சிவப்பாக இருக்கும். உள்ளே இருந்து வந்ததோ வெளிர் மஞ்சள். மோட்டார் பைக் பிரேக்குக்கு ஊற்றும் டாட் (DOT) ஆயில். மினரல் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் சீல்கள் டாட் ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். பேடைத் தள்ளும் பிஸ்டன் திரும்பாது, அப்புறம் ஆயில் கசியும். கழுவிவிட்டாலும் அந்த சீல்களை நம்ப முடியாது. லீவர், ஹோஸ், பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பர் எல்லாவற்றையும் மாற்றினேன், 9,000 ரூபாய்க்கு மேல் ஆனது.

பழைய கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "நீங்க இறக்கத்துல பிடிச்சுக்கிட்டே வந்திருப்பீங்க, சூடாகிப் போயிருக்கும்" என்றார்கள். பில்லில் 'பிரேக் ஆயில்' என்று மட்டும்தான் இருக்கிறது, என்ன ஆயில் என்று இல்லை. அதனால் என்னால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. பில்லில் ஆயிலின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

பாட்டிலைக் கண்ணால் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். நீங்களே ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், மகுரா பிரேக்கின் மினரல் ஆயில் நீலம். ஸ்ராம் பிரேக்குகளில் பல டாட் ஆயிலுக்கானவை, அவற்றில் மினரல் ஆயில் ஊற்றினாலும் இதே கதிதான். லீவரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சரி.

அண்மையில் எங்காவது ப்ளீட் செய்திருந்து, லீவர் மந்தமாகத் திரும்பினால் மலைப் பக்கம் போகாதீர்கள். முதலில் கடைக்குப் போன் போட்டு என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று கேளுங்கள்.