அப்பாச்சியில் சப்வெர்ஷன் களஞ்சியம்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் குழுவில் நிரல்களைவிட வரைபடங்களும் பெரிய பைனரி கோப்புகளும்தான் அதிகம். அதனால், கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்களில் ஊரெல்லாம் கிட் பக்கம் போன பிறகும், டெபியன் லினக்ஸ் கணினி ஒன்றில் அப்பாச்சி என்ற வலை வழங்கி வழியாகச் சப்வெர்ஷனையே ஓட்டி வருகிறோம். இன்று புதிதாகத் தொடங்கினாலும் இதையே தேர்ந்தெடுப்பேன்.

முதல் காரணம் அனுமதி. கிட்டில் ஒரு களஞ்சியத்தை (கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) படிக்க ஒருவரை அனுமதித்தால் அதில் உள்ள எல்லாமே அவர் கைக்குப் போய்விடும். இங்கே ஒரே அனுமதிக் கோப்பில், எந்தக் கோப்புறையை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று வரி வரியாக எழுதிவிடலாம். வெளியிலிருந்து வரும் ஒப்பந்ததாரருக்கு அவருடைய கோப்புறை மட்டும் தெரிந்தால் போதும் அல்லவா? இரண்டாவது காரணம் பூட்டு. ஒரு வரைபடத்தை இருவர் திருத்திவிட்டால் பிறகு ஒன்றிணைக்க வழியே இல்லை. 'நீட்ஸ்-லாக்' பண்பை வைத்துவிட்டால், பூட்டை எடுக்கும் வரை கோப்பு படிக்க மட்டுமே திறக்கும். இந்த ஒரு வசதி எத்தனையோ சண்டைகளைத் தவிர்த்திருக்கிறது.

நிறுவுவது கடினமில்லை. அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் களஞ்சியங்களின் தாய்க் கோப்புறையை 'எஸ்விஎன்பேரன்ட்பாத்' என்று ஒருமுறை குறித்துவிட்டால், பிறகு புதிதாக உருவாக்கும் களஞ்சியங்களுக்காக அப்பாச்சியை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை. களஞ்சியம் முழுவதும் அப்பாச்சி இயங்கும் பயனரின் பெயரிலேயே இருக்கட்டும். அதே களஞ்சியத்துக்கு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் இணைப்பு) வழியாகவும் ஆட்களை விட்டால், கோப்புகளின் உரிமை கலந்துபோய், ஒருநாள் திடீரென்று யாராலும் கமிட் செய்ய (மாற்றத்தைக் களஞ்சியத்தில் பதிய) முடியாமல் போகும். ஒரு வாசல் போதும்.

முன்னால் ஒரு ப்ராக்ஸி (இடைநிலை வழங்கி) நின்று ஹெச்டிடிபிஎஸ்ஸைக் கவனித்துக்கொண்டு, பின்னால் அப்பாச்சியைச் சாதாரண ஹெச்டிடிபியில் ஓட்டுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண கமிட்டெல்லாம் ஒழுங்காகப் போகும். கிளை உருவாக்கினாலோ கோப்பின் பெயரை மாற்றினாலோ மட்டும் 502 பிழை வரும். ப்ராக்ஸி பழுதென்றே தோன்றும், ஆனால் பழுது அங்கே இல்லை. கிளையும் பெயர் மாற்றமும் சப்வெர்ஷனில் நகலெடுப்பாகவே நடக்கின்றன. அந்த நகலெடுக்கும் கோரிக்கை, போய்ச் சேர வேண்டிய முகவரியை 'டெஸ்டினேஷன்' தலைப்பில் ஹெச்டிடிபிஎஸ் என்று சுமந்து வருகிறது. தன்னை ஹெச்டிடிபி என்று நினைக்கும் அப்பாச்சி, அதை வேறொரு வழங்கியின் முகவரி என்று எண்ணி மறுத்துவிடுகிறது. 'ரிக்வெஸ்ட்ஹெடர்' கட்டளையால் அந்தத் தலைப்பில் ஹெச்டிடிபிஎஸ்ஸை ஹெச்டிடிபி என்று மாற்றும் ஒரே வரி போதும், சரியாகிவிடும்.

குறைகளும் உண்டு. வழங்கியோடு இணைப்பு இல்லாமல் கமிட் செய்ய முடியாது. பயணத்திலேயே வேலை பார்ப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாதை வாரியாக அனுமதி பார்ப்பதால் நீண்ட வரலாற்றைக் கேட்கும்போது தாமதமாகும். 'எஸ்விஎன்பாத்ஆத்ஸ்' அமைப்பில் 'ஷார்ட் சர்க்யூட்' என்ற தேர்வு அதைக் குறைக்கும்.

காப்புநகலுக்கு இரவுதோறும் 'எஸ்விஎன்அட்மின் ஹாட்காப்பி' என்ற கட்டளையை ஓட்டுகிறோம். யாராவது கமிட் செய்துகொண்டிருந்தாலும் நகல் சிதையாது. 1.8 பதிப்பு முதல் மாறியதை மட்டும் எடுக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் கடவுச்சொல் கோப்பும் அனுமதிக் கோப்பும் பெரும்பாலும் களஞ்சியத்துக்கு வெளியே இருப்பதால் இந்த நகலில் வராது. அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.