2 நாளா, 5 நாளா, 14 நாளா?

பிரித்தானியாவில் புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீடு செய்ய 14 நாள் உண்டு. தடுப்பு முகாமில் இருப்பவருக்கு எத்தனை நாள் என்பதில்தான் 2003 முதல் இழுபறி.

தடுப்பில் வைத்தபடியே வழக்கை அவசரமாக முடித்த பழைய துரித முறையை முதலில் பார்ப்போம். 2014 விதிகளின்படி மேன்முறையீட்டுக்கு 2 வேலைநாள், ஹோம் ஆபிஸ் (உள்துறை அமைச்சு) பதிலுக்கு 2, அதிலிருந்து 3 நாளில் விசாரணை, அடுத்த 2 நாளில் தீர்ப்பு. ஹார்மண்ட்ஸ்வொர்த் முகாமில் வெள்ளி மாலை ஒருவர் கையில் நிராகரிப்புக் கடிதம் கிடைக்கிறது என்று வையுங்கள். சனி, ஞாயிறு கணக்கில் வராதுதான், ஆனால் அந்த இரண்டு நாளும் சொலிசிட்டர் அலுவலகமும் பூட்டியிருக்கும். செவ்வாய் முடிவதற்குள் படிவம் போயாக வேண்டும். முதுகில் சிகரெட்டால் சுட்ட தழும்பு இருக்கிறது, அதை மருத்துவர் வந்து பார்த்து, அளந்து, அறிக்கை எழுத வாரக்கணக்கில் ஆகும். ஊரில் அம்மா கிராம சேவகரிடம் வாங்கிய கடிதம் வந்து, அதை மொழிபெயர்த்து... எங்கே நேரம்?

இதைவிட மோசம், யாரை இந்த வழியில் போடுவது என்று முடிவு செய்தது ஹோம் ஆபிஸ். அதாவது வழக்கில் எதிராளியே உங்கள் கெடுவைக் குறைக்கிறார். 2015 ஜூனில் உயர் நீதிமன்றம் இந்த விதிகளைச் செல்லாது என்றது, ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

அப்புறம் 2018இல், இந்த மேன்முறையீடுகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்கு நடைமுறை விதிகள் எழுதும் தீர்ப்பாய விதிக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. வந்த பதில்களைப் பார்த்துவிட்டு, தடுப்பில் உள்ளவர்களுக்குத் தனி விதி வேண்டாம் என்று 2019இல் முடிவும் எடுத்தது. சரி, முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் 2022ஆம் ஆண்டின் குடியுரிமை, எல்லைகள் சட்டத்தின் (Nationality and Borders Act) 27ஆம் பிரிவு, அதே குழு அப்படிப்பட்ட விதிகளைச் செய்தே ஆக வேண்டும் என்று கட்டளையிட்டது: மேன்முறையீட்டுக்கு 5 வேலைநாள், அதன்பின் 25 வேலைநாளுக்குள் தீர்ப்பு. 2 நாளோடு பார்த்தால் இது மேல், மறுக்க மாட்டேன். ஆனாலும் மருத்துவ அறிக்கைக்கு இது பல நேரம் போதாது.

என் தேர்வு பொது விதிகள்தான். 14 நாள், தேவைப்பட்டால் நீதிபதி கூட்டலாம், குறைக்கலாம். வழக்கு இழுத்தால் ஆள் முகாமில் கிடந்து வாட வேண்டுமே என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. அதற்குப் பிணை இருக்கிறது. தடுப்பில் உள்ளவர் வழக்கை முன்னால் எடுக்கவும் நீதிபதியால் முடியும். எல்லோருக்கும் ஒரே அவசரக் கெடுவை மாட்டத் தேவையில்லை.

அடுத்த முறை அந்தக் குழு கருத்துக் கேட்டால் நீளமாக எழுத வேண்டாம். நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்த தேதி, சொலிசிட்டரை முதல்முறை நேரில் பார்த்த தேதி, மருத்துவ அறிக்கை வந்த தேதி, இந்த மூன்றையும் பெயரில்லாமல் எழுதி அனுப்புங்கள்.