காரைக்குடி இலியட் வாசிப்பு வகுப்பு: போகலாமா?

கேட்டவர்களுக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். போகலாம், காசுக்கு மோசமில்லை. ஆனால் விளம்பரத்தை நம்பிப் போகாதீர்கள். "வீரம், நட்பு, தியாகம், மன்னிப்பு: இலியட் தரும் வாழ்க்கைப் பாடங்கள்" என்று போட்டு, மேலே ஒரு பெரிய மரக்குதிரைப் படம் வேறு. இலியட் என்பது கிரேக்கக் கவி ஹோமர் பாடிய காவியம், ட்ராய் நகரை ஏமாற்றிப் பிடித்த அந்த மரக்குதிரையே அதில் வராது. கிரேக்கர்கள் ட்ராய் மேல் நடத்திய பத்து வருஷப் போரில் கடைசி வருஷத்தில் சுமார் ஐம்பது நாளில் நடப்பதுதான் கதை. ட்ராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச் சடங்கோடு முடிந்துவிடும். கிரேக்க வீரன் அகிலீஸ் சாவதும் அதில் இல்லை, ட்ராய் எரிவதும் இல்லை. போஸ்டர் அடித்தவர் புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நல்ல வேளையாக, பாடம் எடுப்பவர் வேறு ஆள்.

ஞாயிறு மாலை, ஒரு பழைய வீட்டு வளவில் நடக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அங்கேயே தமிழில் சொல்லிச் சொல்லி வாசிக்கிறார், அப்புறம் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது, ஒருவர் பாட்டைப் பிரித்துச் சொல்லச் சொல்ல உட்கார்ந்து கேட்பது இங்கே பலருக்குப் பழக்கம். அதனால் 24 பகுதி, பதினைந்தாயிரத்துச் சொச்சம் வரி என்றதும் யாரும் மிரளவில்லை. மைக் மட்டும் படுத்துகிறது. உயரமான கூரை, ஆத்தங்குடிக் கல் தரை, குரல் போய் மோதித் திரும்பி வருகிறது, பின்னால் தூணோரம் உட்கார்ந்தால் ஹெக்டர் பேசுகிறானா அகிலீஸ் பேசுகிறானா என்றே தெரியாது. சீக்கிரம் போய் முன்னால் இடம் பிடியுங்கள்.

சரி, பாடத்துக்கு வருவோம். கையில் ஒரு நகல் தாள் கொடுப்பார்கள். அட்டவணை போட்டு, அகிலீஸ் என்றால் வீரம், ஹெக்டர் என்றால் கடமை, பட்ரோக்ளஸ் என்றால் நட்பு என்று ஆளுக்கொரு குணம் ஒட்டியிருக்கும். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு வாத்தியார் சொல்வதை மட்டும் கேட்டால் போதும், ஏனென்றால் அவர் அந்த அட்டவணையை வாரா வாரம் உடைக்கிறார், தெரிந்து உடைக்கிறாரா என்பதுதான் புரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்பதாம் பகுதி எடுத்த நாள். கிரேக்கப் படைக்குத் தலைமை தாங்கும் ராஜா அகமெம்னான், அகிலீஸுக்குப் பரிசாகக் கிடைத்த பிரைசீஸ் என்ற பெண்ணைப் பிடுங்கிக்கொண்டதால் அவன் போருக்கே வராமல் கூடாரத்தில் உட்கார்ந்துவிட்டான். கிரேக்கர்கள் அடி வாங்க ஆரம்பித்ததும் ராஜா இறங்கி வருகிறார். நெருப்பே படாத மூன்று கால் பாத்திரம் 7, பொன் 10 தாலந்து எடை, கொப்பரை 20, குதிரை 12, இன்னும் என்னென்னவோ. அப்புறம் என் மூன்று பெண்களில் எவளை வேண்டுமானாலும் கட்டிக்கொள், பரிசம் வேண்டாம், சீதனமாக ஏழு ஊர் தருகிறேன் என்கிறார். நம் பக்கத்துக் கல்யாணத்தில் சாமான் பரப்பி வைத்த மாதிரி இருக்கிறது பட்டியல். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அகிலீஸ் எதையும் தொடவில்லை. இதில் வாத்தியார் எடுத்துக் காட்டிய ஒரு நுணுக்கம் அருமை. அகமெம்னான் பட்டியலை முடிக்கும்போது "அவன் எனக்கு அடங்கட்டும், நான்தான் பெரிய ராஜா" என்று ஒரு வால் சேர்த்திருப்பார். தூது போகும் ஒடிசியஸ் பட்டியல் முழுவதையும் ஒப்பிக்கிறான், அந்த வாலை மட்டும் விழுங்கிவிடுகிறான். அகிலீஸோ அதைக் காதால் கேட்டவன் போலவே பதில் சொல்கிறான். மானம் போன இடத்தில் சாமான் எத்தனை வைத்தாலும் சரிக்கட்டாது, வைத்தவர் குரலில் இறக்கம் இல்லாவிட்டால் இன்னும் கெடும். ஆனால் அவன் மறுத்ததற்கு விலை கொடுப்பது அவன் இல்லை. அவன் கவசத்தைப் போட்டுக்கொண்டு போருக்குப் போன உயிர்த் தோழன் பட்ரோக்ளஸ்தான் சாகிறான். தாளில் "நட்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பது இதைத்தான்.

ஹெக்டர் விஷயத்திலும் அப்படித்தான். தம்பி பாரிஸ் அடுத்தவன் பெண்டாட்டியைக் கூட்டிவந்து இந்தப் போரை வரவழைத்தது தப்பு என்று அவனுக்குத் தெரியும், இருந்தும் ஊருக்காக நிற்கிறான். கும்பகர்ணனைத் தெரிந்த சபை இது, ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தால் நிற்காது. ஆனால் 22ஆம் பகுதியில், ஹெக்டர் தனியாக மதிலுக்கு வெளியே அகிலீஸை எதிர்பார்த்து நிற்கும் இடத்தில், ஒரு ஆச்சி கேட்ட கேள்விதான் வகுப்பை நிமிர வைத்தது. "ஏன் தம்பி, அப்பாவும் அம்மாவும் மதில் மேல நின்னு அழுது கூப்பிடுறாகளே, உள்ள போனா என்ன அவனுக்கு?" வாத்தியார் கொஞ்சம் யோசித்து, "ஊர் என்ன சொல்லும்னு பயந்துட்டான் ஆச்சி" என்றார். அதுதான் உண்மை. முதல் நாள் இரவே கூட்டாளி பொலிடாமஸ் படையை உள்ளே கூட்டிப் போகச் சொல்கிறான், ஹெக்டர் கேட்கவில்லை, நிறையப் பேர் செத்தார்கள். இப்போது உள்ளே போனால் தன்னைவிடக் கீழானவன்கூட "தன் பலத்தை நம்பி ஊரைக் கெடுத்தான்" என்று சொல்வானே என்று வெளியே நிற்கிறான். கும்பகர்ணன் உண்ட சோற்றுக்குக் கணக்கு முடிக்கப் போனான். ஹெக்டரைப் பிடித்து நிறுத்தியது கடமை மட்டும் இல்லை, வெட்கமும்தான். அதோடு, நின்றவன் அகிலீஸைக் கண்டதும் ஓடுகிறான், மதிலைச் சுற்றி மூன்று சுற்று. அதையும் மறைக்காமல் பாடி வைத்திருக்கிறார்கள். ஓடினவனை நாயகன் இல்லை என்று அந்தக் காவியம் எங்குமே சொல்லவில்லை.

ட்ராய்க்குத் துணையாக வந்த ராஜா சார்பீடானின் பேச்சை வாத்தியார் இரண்டு முறை வாசித்தார், சரியாகத்தான் செய்தார். ஊரில் நமக்கு நல்ல இடம், நல்ல கறி, நிறைந்த கோப்பை, ஆற்றங்கரையில் நிலம், அதனால் முன்வரிசையில் நிற்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று தோழன் கிளாக்கஸிடம் சொல்லிவிட்டு, சாகாமலே இருக்கலாம் என்றால் நானும் முன்னால் போகமாட்டேன், உன்னையும் போகச் சொல்லமாட்டேன், எப்படியும் சாவு உண்டு, வா போவோம் என்கிறான். இதே கிளாக்கஸ்தான் ஆறாம் பகுதியில் எதிரியான கிரேக்க வீரன் டயோமிடிஸோடு பரம்பரை விருந்து உறவைக் கண்டுபிடித்து, 100 மாடு பெறுமான பொன் கவசத்தைக் கொடுத்து 9 மாடு பெறுமான வெண்கலக் கவசத்தை வாங்கினவன். வியாபாரம் செய்த குடும்பத்துக்காரர்கள் இதைக் கேட்டு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது.

குறை என்று சொன்னால் இரண்டாம் பகுதி எடுத்த விதம். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கிரேக்கக் கப்பல், எந்த ஊரிலிருந்து எத்தனை என்று முழுக்க வாசித்தார், பாதிப் பேர் இடைப்பலகாரத்துக்கு எழுந்துவிட்டார்கள். அதே பகுதியில் வரும் தெர்சைட்டிஸை மட்டும் நேரமில்லை என்று தாண்டிவிட்டார். சாதாரணச் சிப்பாய், ராஜாவே எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்கிறார் என்று முதல் பகுதியில் அகிலீஸ் சொன்ன அதே புகாரைத்தான் அகமெம்னான் முகத்துக்கு நேரே சொல்கிறான். செங்கோலாலேயே முதுகில் அடி விழுகிறது, கூட்டம் சிரிக்கிறது. வீரம், மானம் எல்லாம் யாருக்கு மட்டும் உரியது என்று பேச இதைவிட இடம் கிடைக்குமா?

கடைசிப் பகுதிக்குக் கண்டிப்பாகப் போங்கள். ஹெக்டரின் அப்பா பிரியாம் கிழவர் இரவில் அகிலீஸின் கூடாரத்துக்கே வந்து, தன் பிள்ளைகளைக் கொன்ற அவன் கையை முத்தமிட்டு, அவன் கொன்ற ஹெக்டரின் உடலைக் கேட்கிறார். தாளில் "மன்னிப்பு" என்று இருக்கிறது. யாரும் யாரையும் மன்னிக்கவில்லை. இருவரும் அவரவர் இழப்புக்கு அழுகிறார்கள், அப்புறம் சாப்பிடுகிறார்கள், சடங்கு முடியும் வரை போர் நிறுத்தம் பேசுகிறார்கள், பன்னிரண்டாம் நாள் மறுபடி போர். உடலைக் கழுவி எண்ணெய் தடவுவதைக் கிழவர் கண்ணில் படாமல் செய்யச் சொல்கிறான் அகிலீஸ். பார்த்தால் அவர் கொதித்துப் பேசிவிடுவார், பேசினால் தான் அவரைக் கொன்றுவிடக்கூடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தன் கோபத்தை அவ்வளவு சரியாக அளந்து வைத்திருப்பதைப் பற்றி வாத்தியார் பேசிய அந்தப் பத்து நிமிஷத்துக்கே கட்டணம் செரித்துவிட்டது.

மற்றபடி பலகாரம் நன்றாக இருக்கிறது, கந்தரப்பம் சீக்கிரம் தீர்ந்துவிடும். சொன்ன நேரத்துக்கு முடிப்பதில்லை, தேவகோட்டைப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போவது என்றால் பத்தாவதுக்கு மேல் இருக்கட்டும், செத்தவனைக் கணுக்காலில் துளையிட்டுத் தேரில் கட்டி இழுப்பதை எல்லாம் அவர் கொஞ்சமும் குறைக்காமல் வாசிக்கிறார்.