ரெட்மைன்: வேலை முடிந்தது என்று யார் சொல்வது?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியின் ஐ.டி. பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆட்கள் கொஞ்சம், வேலை கணக்கில்லாமல் வரும். பேரோல், ஸ்டோர்ஸ், பார்கோடு, கட்டிங்கில் நின்றுபோன பிரிண்டர் எல்லாம் எங்கள் தலையில்தான். யாரிடம் எந்த வேலை இருக்கிறது என்று பார்க்க நாங்கள் வைத்திருப்பது ரெட்மைன். 2006 முதல் இருக்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். நம் சர்வரிலேயே போட்டுக்கொள்ளலாம், ஆள் கூடினாலும் லைசென்ஸ் காசு கிடையாது.

முதலில் குறை. பார்க்கப் பழைய காலத்து வெப்சைட் மாதிரி இருக்கும். வேலைகளைத் தேதிவாரியாகக் கோடுகளாகக் காட்டும் கான்ட் சார்ட் உண்டு, ஆனால் கோட்டை மவுஸால் இழுத்துத் தேதியை மாற்ற முடியாது. இது எழுதப்பட்ட ரூபி மொழி தெரியாதவர் நேரடியாக இன்ஸ்டால் செய்யப் போனால் பாதி நாள் போய்விடும். தேவையானதெல்லாம் ஒரே பொட்டலமாக வரும் டாக்கர் வழி சுலபம்.

இவ்வளவுக்கும் பிறகும் நான் இதை விடாததற்குக் காரணம் ஒர்க்ஃப்ளோ செட்டிங். ஒரு டிக்கெட்டை, அதாவது பதிந்துவைத்த ஒரு வேலையை அல்லது புகாரை, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு யார் நகர்த்தலாம் என்பதை அங்கே கட்டம் கட்டமாக டிக் செய்யலாம். டிக்கெட் போட்டவருக்கென்று தனிக் கட்டமே உண்டு. ஒரு உதாரணம்: 'நைட் ஷிஃப்ட் ஓ.டி. பேஸ்லிப்பில் வரவில்லை' என்று அக்கவுண்ட்ஸ் அக்கா டிக்கெட் போடுகிறார். எங்கள் தம்பி சரிசெய்து 'ரிசால்வ்டு' வரைதான் கொண்டுபோகலாம். 'க்ளோஸ்டு' என்கிற வாய்ப்பே அவன் திரையில் வராது. அக்கா பேஸ்லிப்பை எடுத்துப் பார்த்து அவரே மூடவேண்டும். "சார், அது அப்பவே முடிச்சாச்சு" என்ற பேச்சு இதோடு போயிற்று. மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸுக்கும் எங்களுக்கும் நடுவே நின்று பஞ்சாயத்து பண்ணும் வேலையும் எனக்கு இல்லை.

பெரிய வேலைகளுக்கு இன்னொன்று உதவும். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று இரண்டு டிக்கெட்டுகளைக் கோத்துவிட்டால், முன்னது தள்ளிப்போகும்போது பின்னதன் தேதியும் தானாகத் தள்ளிப்போகும். சர்வர் வர ஒரு வாரம் தாமதமானால் டேட்டா மாற்றும் வேலை எங்கே போய் நிற்கும் என்று முதலாளிக்குத் திரையிலேயே காட்டலாம். வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

செலவான நேரத்தைப் பதியும் வசதியும் இருக்கிறது. இதில் கவனம் தேவை. இன்க்ரிமென்ட் போட இதைத்தான் பார்க்கிறார்கள் என்று பையன்களுக்குத் தெரிந்தால், எல்லாரும் தினமும் எட்டு மணி நேரம் என்று எழுதுவார்கள், அப்புறம் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. ஒவ்வொருவரும் அவரவர் பதிவை மட்டும் பார்க்கும்படி ரோலில், அதாவது யாருக்கு என்ன அனுமதி என்ற செட்டிங்கில், வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஹெச்.ஆர். கேட்டாலும் கொடுப்பதில்லை.

மெயில் அனுப்பினால் டிக்கெட் ஆகும்படி அமைக்கலாம். ஆனால் நம் ஃப்ளோர் சூப்பர்வைசர் மெயில் எங்கே அனுப்பப் போகிறார், வாட்ஸ்அப்பில் போட்டோதான் வரும். அதை நாங்களே டிக்கெட்டாக ஏற்றுகிறோம்.

ரெட்மைனை இன்ஸ்டால் செய்கிறவர்களுக்கு ஒன்று: டேட்டாபேஸை மட்டும் பேக்கப் எடுத்தால் டிக்கெட்டில் இணைத்த போட்டோ, எக்ஸெல் எதுவும் வராது. அவை ஃபைல்ஸ் ஃபோல்டரில் தனியாக இருக்கின்றன. அதையும் சேர்த்து எடுங்கள்.