அப்வொர்க்: கிளையன்ட் கண்ணில் படும் இடம்

சப்டைட்டில் வேலைக்கு நான் நம்பியிருப்பது, ஃப்ரீலான்ஸ் வேலை தேடித் தரும் இணையதளமான அப்வொர்க்கைத்தான். விண்ணப்பம் போட 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்கள் வேண்டும், ஒன்று 0.15 டாலர். கூடுதல் கனெக்ட்ஸ் வைத்து ஏலம் கேட்டால், கிளையன்ட் பார்க்கும் விண்ணப்பப் பட்டியலில் மேலே ஏறலாம். பெரிய வேலை என்றால் சரி, சின்ன வேலைக்குக் கட்டுப்படியாகாது.

எனக்குக் கைகொடுப்பது விண்ணப்பத்தின் முதல் இரண்டு வரிதான். கிளையன்ட் அதைத் திறக்கும் முன்பே கண்ணில் படுவது அந்த வரிகள். வணக்கம், அறிமுகம் எல்லாம் அப்புறம். "உங்கள் பேட்டியில் இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடங்களை இப்படிப் பிரிப்பேன்" என்றே ஆரம்பிப்பேன். பதில் வருவது பெரும்பாலும் அப்படி எழுதியவற்றுக்குத்தான். புரொஃபைல் தலைப்பிலும் வெறும் 'மொழிபெயர்ப்பாளர்' வேண்டாம். 'தமிழ்–ஆங்கில சப்டைட்டில்' என்று போடுங்கள். புதியவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.