ஆள் சேராத மருத்துவ ஆய்வு: புது மையமா, விதித் தளர்வா, பேச்சைத் திருத்துவதா?

நோயாளிகளிடம் ஒரு சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கும் கிளினிக்கல் ட்ரையலின் காலம் பாதி ஓடிவிட்டது. சேர்ந்த நோயாளிகள் கால்வாசிகூட இல்லை. இப்படி ஆவது அபூர்வமல்ல. பிரிட்டனில் 1994 முதல் 2002 வரை பொது நிதியில் நடந்த 114 ஆய்வுகளை அலசியபோது, முதலில் வைத்த நோயாளி எண்ணிக்கை இலக்கை எட்டியவை 31 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவை காலநீட்டிப்பு வாங்கியிருந்தன.

இந்த நெருக்கடியில் பெரும்பாலும் முதலில் எடுக்கும் முடிவு, புது மையங்களை, அதாவது ஆய்வு நடக்கும் மருத்துவமனைகளை, சேர்ப்பது. நிதி கொடுப்பவரிடம் காட்ட வசதியான முடிவு அது. ஆனால் ஒப்பந்தம், நெறிமுறைக் குழு அனுமதி, ஊழியர் பயிற்சி என்று மாதங்கள் கரையும். கடைசியில் ஒரு நோயாளியைக்கூடச் சேர்க்காத மையங்களும் உண்டு. இருக்கும் மையங்கள் நன்றாக இயங்கி, நோயே அரிதாக இருந்தால் மட்டும்தான் இதற்கு என் ஓட்டு.

யார் ஆய்வில் சேரலாம் என்று சொல்லும் தகுதி விதிகளைத் தளர்த்துவதில் பலன் அதிகம். பல விதிகள் பழைய ஆய்வுத் திட்டங்களிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்பட்டவை. நுரையீரல் புற்றுநோய் ஆய்வுகளின் விதிகளை உண்மையான நோயாளிப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்து 2021-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பல விதிகளைத் தளர்த்தினால் தகுதி பெறுவோர் சராசரியாக இரு மடங்குக்கு மேல் கூடுகிறார்கள் என்றது அது. சரி, எல்லாவற்றையும் தளர்த்திவிடலாமா? பாதுகாப்புக்காக வைத்த விதியில் கை வைக்க முடியாது. நடுவில் மாற்றினால் முன்னால் சேர்ந்தவர்களும் பின்னால் சேர்ந்தவர்களும் வேறு வகையினராகி, புள்ளியியலாளருக்குத் தலைவலி.

விளம்பரம், துண்டறிக்கை போன்றவற்றில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பாய்வின்படி, ஆய்வைப் பற்றி விளக்கும் தகவல் தாளை நோயாளிகளிடம் காட்டிச் சோதித்துச் செதுக்கினாலும் சேர்க்கை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. அழைப்புக்குப் பதில் தராதவர்களுக்குப் போன் செய்து நினைவூட்டினால் 6 சதவீதப் புள்ளி கூடலாம். யாருக்கு எந்த மருந்து என்பதை நோயாளியிடம் மறைக்காத ஆய்வு என்றால் 10 கூடும். ஆனால் மறைத்துத் தொடங்கிய ஆய்வைப் பாதியில் திறந்து காட்டுவது மீட்பு அல்ல, நாசம்.

நான் அதிகம் நம்புவது, ஒப்புதல் கேட்கும் பேச்சைத் திருத்துவதை. பிரிட்டனின் 'ப்ரொடெக்ட்' புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வில் அந்த உரையாடல்களைப் பதிவு செய்து கேட்டார்கள். அறுவையும் கதிர்வீச்சும் விரிவாக விளக்கப்பட்டன. கண்காணிப்பு மட்டும் கடைசியில், ஒன்றுமே செய்யாமல் விடுவதுபோல் ஒலித்தது. மூன்றையும் சமமாக, வேறு வரிசையில், கண்காணிப்பில் என்னென்ன செய்வார்கள் என்று தெளிவாகச் சொல்லத் தொடங்கினார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யச் சம்மதித்தவர்கள் ஓராண்டில் சுமார் 40 சதவீதத்திலிருந்து 70 ஆனார்கள். புது மையம் திறக்கும் செலவும் இல்லை, விதி மாற்றமும் இல்லை. தங்கள் பேச்சை இன்னொருவர் கேட்பது சில மருத்துவர்களுக்குப் பிடிக்காது என்பதுதான் தடை. அப்புறம், விளக்கம் வற்புறுத்தலாக மாறிவிடாமலும் பார்க்க வேண்டும்.

எதை எடுப்பது என்பதை, யார் யாரைப் பரிசீலித்தார்கள், ஏன் சேரவில்லை என்று குறித்து வைக்கும் ஸ்கிரீனிங் பதிவேடே சொல்லிவிடும். நோயாளிகள் வரவே இல்லையென்றால் மையங்கள். வந்தும் ஒரே காரணத்துக்காகத் திரும்ப அனுப்பப்பட்டால் விதிகள். தகுதியிருந்தும் மறுத்தால் பேச்சு, இல்லாவிட்டால் அடிக்கடி வந்துபோகும் சிரமம். அந்தப் பதிவேட்டையே ஒழுங்காக எழுதாத ஆய்வுக்கு இந்த நான்கில் எதையும் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் சில வாரங்கள் அதை எழுதட்டும்.